இன்ஜினிடம் சொல்லும் சின்னப் பொய்: விமானம் முழு விசையில் புறப்படாதது ஏன்?

ஒரே ரக விமானம், ஒரே ஓடுபாதை. ஒரு நாள் புறப்படும்போது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு நாள் சுமை ஏற்றிய லாரி மேடு ஏறுவதைப்போல நிதானமாக உருண்டு, கிளம்புமா கிளம்பாதா என்று நம்மை யோசிக்க வைத்துவிட்டு, ஓடுபாதையில் பெரும்பகுதியை விழுங்கிய பிறகுதான் மேலே எழும்புகிறது. விமானி சோம்பேறி என்பதல்ல காரணம். இரண்டாவது நாளில் இன்ஜினின் முழு பலத்தையும் அவர் கேட்கவே இல்லை. சொல்லப்போனால், பயணிகள் விமானங்களின் பெரும்பாலான புறப்பாடுகள் இப்படித்தான் நடக்கின்றன. முழு விசையில் புறப்படுவதுதான் அபூர்வம்.

முதன்முதலில் இதைக் கேள்விப்படும் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். பறப்பதிலேயே ஆபத்தான கட்டங்களில் ஒன்று புறப்பாடு. அந்த நேரத்தில் போய்ச் சிக்கனம் பார்ப்பார்களா? கையில் இருப்பதை எல்லாம் கொடுத்துச் சீக்கிரம் மேலே போவதுதானே புத்திசாலித்தனம்? கேள்வி நியாயமானதுதான். பதில் கொஞ்சம் சுற்றி வரும்.

முதலில், இன்ஜின் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு இன்ஜின் கொண்ட ஒரு விமானம், ஓடுபாதையில் வேகமெடுத்து, இனி நிற்க முடியாது என்ற நிலையைத் தாண்டிய கணத்தில் ஒரு இன்ஜின் செத்துப்போனாலும், மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மேலே ஏறியாக வேண்டும். இது விதி. சக்கரங்களை உள்ளே இழுத்த பிறகு ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் குறைந்தது 2.4 மீட்டராவது உயர வேண்டும் என்று கணக்கும் உண்டு. இதை விமானம் அதிகபட்ச எடையோடு, வெப்பமான நாளில், உயரமான ஊரில் இருக்கும் விமான நிலையத்திலும் செய்துகாட்ட வேண்டும். அந்த மோசமான நாளுக்காக அளவெடுத்துச் செய்த இன்ஜின், பாதி சீட் காலியாக, குளிர்ந்த காலையில், நாலு கிலோமீட்டர் ஓடுபாதையில் புறப்படும்போது தேவைக்கு மிக அதிகமான பலத்தோடு நிற்கிறது. அந்த உபரியைத்தான் குறைக்கிறார்கள்.

சரி, உபரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, பயன்படுத்தினால் என்ன நஷ்டம்?

நஷ்டம் டர்பைன் பிளேடுகளுக்கு. எரிப்பு அறையிலிருந்து வரும் வாயு நேராக மோதுவது இவற்றின் மேல்தான். அந்த வாயுவின் வெப்பம், பிளேடு செய்யப்பட்ட நிக்கல் கலப்பு உலோகத்தின் உருகுநிலையையே தாண்டியது. பிளேடு உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதற்குள்ளே ஓடும் நுண்ணிய வழிகளில் ஒப்பீட்டளவில் குளிர்ந்த காற்றைச் செலுத்தி, மேற்பரப்பில் இருக்கும் பொடித் துளைகள் வழியாக வெளியே விட்டு, பிளேடைச் சுற்றி ஒரு காற்றுப் போர்வை போர்த்துவதுதான். அதோடு, அசுர வேகத்தில் சுழல்வதால் ஒவ்வொரு பிளேடும் பல டன் எடை தொங்குவது போன்ற இழுவையையும் தாங்குகிறது. இவ்வளவு சூட்டிலும் இழுப்பிலும் உலோகம் மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவில், நீண்டுகொண்டே போகும். சூடு சற்றே குறைந்தாலும் இந்த நீட்சி பெருமளவு குறைந்துவிடும். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. புறப்பாட்டின் ஓரிரு நிமிடங்களில் சிறிது விசையைக் குறைத்தால் இன்ஜினின் ஆயுள் கணிசமாகக் கூடுவது இதனால்தான்.

பலரும் இது எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். இல்லை. மெதுவாக ஏறினால் சிக்கனமான உயரத்தை எட்ட நேரமாகிறது. கூட்டிக்கழித்துப் பார்த்தால் எரிபொருள் ஒரு துளி அதிகமாகவே செலவாகலாம். மிச்சமாவது இன்ஜின் பராமரிப்புச் செலவு. நிறுவனத்தின் பணப்பைதான் காரணம் என்று முகம் சுளிக்க வேண்டாம். குறைவாக வதைபட்ட இன்ஜின், புறப்படும் நேரத்தில் பழுதாகும் வாய்ப்பும் குறைவு. முழு விசையில் ஓட்டுவதே ஒரு அபாயம்தான், அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

எப்படிக் குறைக்கிறார்கள்?

இதில் இரண்டு வழி உண்டு. பெயர்கள் கொஞ்சம் குழப்பும், ஆனால் பின்னால் வரும் அபாயங்களைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு தேவை.

முதல் வழிதான் இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் பொய். ஜெட் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரை, கடல் மட்டத்தில் பெரும்பாலும் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வரை, தன் முழு விசையைக் கொடுக்கும். அதற்கு மேல் வெயில் ஏறினால், உள்ளே சூடு வரம்பு மீறக்கூடாது என்பதற்காக விசையைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே 40 டிகிரியில் எவ்வளவு விசை வரும், 50 டிகிரியில் எவ்வளவு வரும், அந்த விசையில் எவ்வளவு எடையைத் தூக்கலாம் என்ற கணக்கெல்லாம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. விமானி கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: இன்று என் விமானத்தின் எடை இவ்வளவு, ஓடுபாதை இவ்வளவு நீளம், எத்தனை டிகிரி வெயில் வரை இதே எடையோடு விதிப்படி புறப்பட முடியும்? விடை 52 டிகிரி என்று வருவதாக வைத்துக்கொள்வோம். வெளியே உண்மையில் 20 டிகிரிதான். ஆனாலும் கணினியிடம் 52 என்று உள்ளிடுகிறார். இன்ஜினும் நல்ல பிள்ளையாக 52 டிகிரியில் கொடுக்கக்கூடிய விசையோடு நிறுத்திக்கொள்கிறது. போயிங் விமானிகள் இதை அனுமான வெப்பநிலை முறை என்பார்கள். ஏர்பஸ்காரர்களிடம் கேட்டால் ஃப்ளெக்ஸ் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இந்தப் பொய்யில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. கணக்கு 52 டிகிரிக்குப் போட்டது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே அதில் இறக்கைக்குத் தேவையான தூக்குவிசை கிடைக்க விமானம் தரையில் இன்னும் வேகமாக ஓட வேண்டும். காக்பிட் மானியில் 140 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) என்று காட்டும்போது, கடல் மட்டத்தில் 52 டிகிரியில் உண்மையான வேகம் 149 நாட் அளவுக்கு இருக்கும். 20 டிகிரியில் 141தான். ஓடும் தூரம் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே காகிதத்தில் போட்ட கணக்கைவிட நிஜத்தில் விமானம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்த தூரத்திலேயே எழும்பிவிடும். யாரும் தனியாகச் சேர்க்காத ஒரு பாதுகாப்பு இடைவெளி, தானாகவே வந்து சேர்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இரண்டாவது வழியில் பொய் எதுவும் இல்லை. இந்தப் புறப்பாட்டுக்கு இந்த இன்ஜின் சிறிய இன்ஜின் என்று அறிவித்துவிடுவார்கள். தகுதிக் குறைப்பு என்று சொல்லலாம். விமானிகள் வாயில் அது டீரேட். விமானத்தின் வேகக் கணக்குகள் எல்லாமே அந்தச் சிறிய இன்ஜினுக்கு என்று தனியாகப் போடப்பட்டவை.

இரண்டுக்கும் இடையே உள்ள முக்கியமான வேறுபாடு, ஒரு இன்ஜின் பழுதாகும்போதுதான் தெரியும். இறக்கையில் இடப்பக்க இன்ஜின் நின்று, வலப்பக்கம் மட்டும் தள்ளினால் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். அதை நேராக்க வேண்டியது வால் பகுதியில் இருக்கும் சுக்கான். காற்று போதிய வேகத்தில் மோதினால்தான் சுக்கானுக்குப் பிடி கிடைக்கும். மிச்சமிருக்கும் இன்ஜின் எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறதோ, அதை அடக்கத் தேவையான வேகமும் அவ்வளவு அதிகம். ஃப்ளெக்ஸ் முறையில் இந்தக் குறைந்தபட்ச வேகத்தை முழு விசைக்குத்தான் கணக்கிட்டிருப்பார்கள். ஆகவே விமானி எந்தக் கணத்திலும், விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியான த்ரஸ்ட் லீவரைக் கடைசிவரை தள்ளலாம், தயங்க வேண்டியதில்லை. தகுதிக் குறைப்பில் அது சிறிய இன்ஜினுக்கான வேகம். குறைந்த வேகத்தில் ஒரு இன்ஜின் நின்றிருக்கும்போது மற்றதை முழு விசைக்குக் கொண்டுபோனால் விமானம் ஓடுபாதையை விட்டே திரும்பிவிடக்கூடும்.

ஆனால் இதே குணம் இன்னோர் இடத்தில் கைகொடுக்கிறது. பனிச்சேறு படிந்த, வழுக்கும் ஓடுபாதையில், விசையைக் குறைத்தால் அதிக எடையோடு புறப்பட முடிகிற சூழல்களும் உண்டு! கட்டுப்படுத்தத் தேவையான வேகம் குறைவதால், புறப்பாட்டைக் கைவிடலாமா என்று தீர்மானிக்கும் வேகத்தையும் குறைக்க முடியும். பிரேக் பிடித்து நிற்க அதிக தூரம் மிஞ்சும். இதே வழுக்கும் ஓடுபாதையில் ஃப்ளெக்ஸ் முறைக்கு அனுமதி இல்லை.

வேறு வரம்புகளும் உண்டு. அனுமான வெப்பநிலையைக் கொண்டு விசையை ஓர் அளவுக்கு மேல், பல விமானங்களில் 25 சதவீதத்துக்கு மேல், குறைக்கக்கூடாது. காற்று திடீரென்று திசையும் வேகமும் மாறும் என்ற எச்சரிக்கை இருந்தால் முழு விசையில்தான் புறப்படச் சொல்வார்கள். அப்புறம், தேவைப்படும்போது முழு விசை உண்மையிலேயே வருகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

அப்படியானால் ஆபத்து எங்கே?

எல்லாக் கணக்கும் சரியாக இருக்கும் நாளில், பெரிதாக எங்கும் இல்லை. முழு விசையில் புறப்பட்டிருந்தால் ஓடுபாதையின் முடிவை இன்னும் உயரத்தில் கடந்திருக்கலாம் என்பது உண்மை. அந்த உபரி உயரத்தையும் உபரி ஓடுபாதையையும்தான் இன்ஜின் ஆயுளுக்காக விற்றிருக்கிறோம். ஆனால் விதி கேட்கும் குறைந்தபட்சம் அப்படியே இருக்கிறது.

சிக்கல், கணக்கில் நுழையும் எண் தப்பாக இருக்கும் நாளில்.

எப்போதும் முழு விசையில் புறப்படும் காலமாக இருந்தால், விமானிக்கு ஓர் உடம்பறிவு இருந்திருக்கும். இந்த விமானம் இவ்வளவு நேரத்தில் இந்த வேகத்தை எட்டும் என்று முதுகே சொல்லும். இன்று ஏதோ மந்தமாக இருக்கிறதே என்று சட்டென்று உறைத்துவிடும். விசையை ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அளவுக்குக் குறைக்கத் தொடங்கியதும் அந்த அறிவு போய்விட்டது. லேசான விமானம் குறைந்த விசையில் உருள்வதும், கனமான விமானம் போதாத விசையில் உருள்வதும் முதல் சில நொடிகளில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மானிகளோ, கேட்ட விசை வந்துவிட்டது என்று அமைதியாகக் காட்டும். கேட்டதே தப்பு என்று எந்த மானியும் சொல்லாது. என் பார்வையில், குறைந்த விசைப் புறப்பாட்டின் உண்மையான விலை இன்ஜினின் பலத்தில் இல்லை, விமானி இழந்த இந்த உணர்வில் இருக்கிறது.

2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் இருந்து துபாய்க்குக் கிளம்பிய எமிரேட்ஸ் 407, ஏர்பஸ் ஏ340-500 ரகம். எடை 362.9 டன். கணக்குப் போடும் கணினியில் உள்ளிட்டது 262.9 டன். ஓர் இலக்கம், நூறு டன் வித்தியாசம். கணினி அந்த எடைக்கு ஏற்ற சொற்ப விசையையும் குறைந்த வேகங்களையும் கொடுத்தது. அவை அப்படியே விமானத்துக்குள் போயின. மூக்கைத் தூக்கும் வேகம் வந்ததும் தூக்கினார்கள். விமானம் எழவில்லை, வால்தான் தரையில் உரசியது. தலைமை விமானி முழு விசைக்குத் தள்ளிய பிறகே அது தரையை விட்டது. அப்போதும் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த விளக்கையும், தரையிறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் ஆன்டெனாவையும் தட்டிவிட்டுத்தான் ஏறியது. எரிபொருளைக் கடலுக்கு மேல் கொட்டிவிட்டுத் திரும்பி இறங்கினார்கள். உள்ளே 275 பேர், ஒருவருக்கும் காயமில்லை. வேகமெடுப்பது ஒவ்வொரு புறப்பாட்டிலும் வேறுபடுவதால் விமானிகளுக்கு எது இயல்பு என்ற அளவுகோல் இல்லாமல் போகிறது என்பதை ஆஸ்திரேலிய விசாரணையும் பேசியது.

இதே கதைக்கு சுமார் நாலரை ஆண்டுகள் முன்பு வேறு முடிவு. 2004 அக்டோபர் 14, கனடாவின் ஹாலிஃபாக்ஸ். எம்கே ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம். முந்தைய பயணத்தின் புறப்பாட்டு எடையான 240 டன், இந்தப் பயணத்தின் கணக்கிலும் தங்கிவிட்டது. உண்மையான எடை சுமார் 353 டன். ஏதோ சரியில்லை என்று புரிந்து விசையைக் கூட்டியபோது ஓடுபாதை முடியும் தறுவாயில் இருந்தது. முடிவுக்கு அப்பால் இருந்த மண்மேட்டில் வால் மோதி முறிந்தது. ஏழு பணியாளர்களும் இறந்தார்கள்.

மூன்றாவது சம்பவம் இந்த இரண்டையும்விட விசித்திரமானது. 2017 ஜூலை 21, பெல்ஃபாஸ்டில் இருந்து கோர்ஃபு தீவுக்கு ஒரு போயிங் 737-800. எடை சரி, ஓடுபாதை சரி. ஆனால் வெளி வெப்பநிலை கேட்கும் இடத்தில், 16 டிகிரிக்குப் பதிலாக மைனஸ் 52 என்ற எண் போய்விட்டது. அது மேலே போய்ப் பறக்கும் உயரத்துக்கான வெப்பநிலை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வெயில் அதிகம் என்று சொன்னால்தானே விசை குறையும்? குளிர் என்று சொன்னால் ஏன் குறைந்தது? இந்த ரக இன்ஜினில் விசையை நேரடியாக அளப்பதில்லை. முன்பக்க விசிறியின் சுழல்வேகத்தைக் கொண்டுதான் நிர்ணயிக்கிறார்கள். குளிர்ந்த காற்றில் விசிறி மெதுவாகச் சுற்றினாலே அதே விசை கிடைத்துவிடும். ஆகவே மைனஸ் 52 என்றதும், இவ்வளவு சுற்றினால் போதும் என்று கணினி இலக்கைக் குறைத்துவிட்டது. 92.7 சதவீதம் இருக்க வேண்டிய விசிறி வேகம் 81.5இல் நின்றது. மைனஸ் 52 டிகிரிக்குப் போதுமான அந்தச் சுழற்சி, 16 டிகிரிக் காற்றில் போதவே போதாது. விமானம் ஓடுபாதையின் கடைசியில் எழும்பி, அதற்கு அப்பால் 29 மீட்டர் தொலைவில் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு விளக்கைத் தட்டிவிட்டுப் போனது. முழு விசையை விமானிகள் கொடுத்தது ஓடுபாதை முடிவிலிருந்து நாலு கிலோமீட்டர் போன பிறகு. அந்த இடைவெளியில் ஒரு இன்ஜின் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதவே கை கூசுகிறது. உள்ளே 185 பேர்.

அந்த 737 விமானத்தில் வெளி வெப்பநிலையை அளக்கும் உணரி இருக்கத்தான் செய்தது. உள்ளிட்ட எண்ணை உணரியோடு ஒப்பிட்டு நிராகரிக்கும் வசதி மென்பொருளின் புதிய பதிப்பில் வந்துமிருந்தது. அந்த விமானத்தில் அது இன்னும் ஏற்றப்படவில்லை.

ஏன் லீவரைத் தள்ளவில்லை?

இந்தச் சம்பவங்களைப் படிக்கும் எவரும் கேட்பது இதைத்தான். உபரி விசை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தள்ளினால் வந்துவிடும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் விழுந்த ஏர் ஃப்ளோரிடா 90 இதற்குக் கசப்பான சான்று. அது வேண்டுமென்றே விசையைக் குறைத்த புறப்பாடு அல்ல. பனிக்கட்டி அடைத்த உணரியால், விசையை அழுத்த விகிதமாகக் காட்டும் மானி 2.04 என்று காட்ட, உண்மையில் 1.70 அளவுக்குத்தான் விசை இருந்தது. ஓடும்போதே துணை விமானிக்குச் சந்தேகம் வந்தது, சொல்லவும் செய்தார். ஆனாலும் லீவர்கள் கடைசிவரை போகவில்லை. விமானத்திலும், அது மோதிய பாலத்திலுமாக 78 பேர் உயிரிழந்தார்கள்.

குறை சொல்வது சுலபம். புறப்பாட்டு ஓட்டம் மொத்தமே அரை நிமிடத்தை ஒட்டித்தான். முதல் பாதியில் எல்லாம் இயல்பாகத் தெரியும். பின்பாதியில் ஓடுபாதை முடிவின் சிவப்பு விளக்குகள் கண்ணில் பெரிதாகும்போது, கணக்கு சொன்ன எண்களும் கண் காணும் காட்சியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எதை நம்புவது? எண்களை நம்பு என்றுதான் இத்தனை ஆண்டுகளும் பயிற்சி. உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக்கூடாது என்பதற்காகவே அந்த எண்கள். அவை பொய்த்துவிட்டன என்று மூளை ஒப்புக்கொள்ளச் சில நொடிகள் ஆகும். நொடிக்கு எழுபது மீட்டர் வேகத்தில் அந்தச் சில நொடிகள் மிக நீளமானவை.

ஆகவே பாதுகாப்பு பெரும்பாலும் விமானம் நகர்வதற்கு முன்பே நடக்கிறது. இரண்டு விமானிகளும் தனித்தனியாகத் தங்கள் டேப்லட்டில் கணக்குப் போட்டு, விடைகளை ஒப்பிடுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே தப்பான தாளைப் பார்த்து உள்ளிட்டால் விடை அழகாகப் பொருந்திவிடும் என்பதுதான் இதன் பலவீனம். அதனால் தொடர்பில்லாத வேறு ஒரு வழியில் வரும் எண்ணோடு ஒப்பிடுவது நல்லது. இந்த எடைக்கு இந்த வேகம்தான் வழக்கம் என்று மனதில் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கும் விமானியிடம் நூறு டன் தப்பு எளிதில் தப்பாது. ஓடுபாதையின் நடுவிலிருந்து புறப்படச் சொன்னால், முழு நீளத்துக்குப் போட்ட பழைய கணக்கை வீசிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். 2015 செப்டம்பரில் மயாமியில் கத்தார் ஏர்வேஸின் போயிங் 777 ஒன்று, முழு நீளத்துக்கான கணக்கோடு நடுவிலிருந்து புறப்பட்டு, ஓடுபாதைக்கு அப்பால் இருந்த விளக்குகளை இடித்தது. அடிபட்டது தெரியாமலே தோஹா வரை பறந்து சேர்ந்தது.

ஓடும்போதே கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் சம்பவத்துக்குப் பிறகு பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவும் இதை வலியுறுத்தியது. கேட்டால் எளிதாகத் தெரியும்: இந்த விசைக்கும் எடைக்கும் இவ்வளவு முடுக்கம் வர வேண்டும், வரவில்லை என்றால் மணி அடி. ஏர்பஸ் இந்த வகைக் கண்காணிப்பை உருவாக்கியும் இருக்கிறது. ஆனால் கட்டி முடிப்பது லேசான காரியம் அல்ல. எதிர்க்காற்று நொடிக்கு நொடி மாறும், ஓடுபாதை சற்றே மேடாக இருக்கும், மழைநீர் சக்கரத்தை இழுக்கும். இவற்றையெல்லாம் குறை என்று எடுத்துக்கொண்டு ஒன்றுமில்லாததற்கு மணி அடித்தால், நல்ல நிலையில் இருக்கும் விமானத்தை 130 நாட் வேகத்தில் பிரேக் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். அதுவே ஒரு விபத்தின் தொடக்கமாகலாம். ஆகவே இயந்திரம் எச்சரிப்பதானால் ஓட்டத்தின் ஆரம்பத்திலேயே, வேகம் இன்னும் குறைவாக இருக்கும்போதே எச்சரிக்க வேண்டும். விசை போதாத விமானமும் விசை குறைத்த விமானமும் ஒன்றுபோலத் தெரிவது அந்த முதல் சில நொடிகளில்தான்.